இடப்பக்கத்துக் கீறல்கள்

ஷாலினி,

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நீ ஒன்று கேட்டாய். ஜனவரியிலிருந்து தியாவைக் காலையில் பாலர் பள்ளியில் விட்டு, மதியம் திரும்பக் கூட்டி வர முடியுமா என்று. நான் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் "முடியாது" என்றேன். ஏன் என்று நீ கேட்கவில்லை. பாதிச் சோற்றில் கை கழுவிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளையோடு கிளம்பிவிட்டாய். நீங்கள் இருவரும் விடியுமுன்னே ஆளுக்கொரு மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவர்கள். உன் அப்பனோ பாலத்துக்கு இந்தக் கரையில், தம்போய் வீட்டில் சும்மா உட்கார்ந்திருப்பவன், முப்பது வருடம் பாசிர் கூடாங்கில் தொழிற்சாலை பஸ் ஓட்டியவன். அவனுக்குப் பேத்தியைக் காரில் பத்து நிமிடத்தில் கொண்டுபோய் விட முடியாதாம். உன் கோபத்தில் ஒரு குறையும் இல்லை. வாயால் சொல்ல வந்தால் நான் கத்திவிடுவேன் என்பது எனக்கே தெரியும். "எழுதுங்க, அப்பத்தான் ஒழுங்கா வரும்" என்று உன் அம்மாவும் சொன்னாள். அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாக இருக்கும். காரில் விழுந்த கீறல்களிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

நம் நீலக் காரின் இடப்பக்கம் எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியும். முன் பம்பர் முனையில் மஞ்சள் தீற்றல். சக்கரத்துக்கு மேலே வளைந்து போகும் கறுப்புப் பிளாஸ்டிக் ஓரத்தில் வெள்ளை வெள்ளையாய்ச் சிராய்ப்பு. முன் கதவின் கீழே நீளமாக ஒரு கோடு, பின் கதவில் இன்னொன்று, பின் சக்கர ஓரத்தில் ஒன்று, பக்கக் கண்ணாடியின் கறுப்புக் கூட்டில் ஒன்று. ஆக ஆறு. ஏழாவது மட்டும் பின் பம்பரில், வலப்பக்கம், சிவப்பாக. நீ வரும்போதெல்லாம் "என்னப்பா இது, கார போய் இப்படி வச்சிருக்கீங்க" என்பாய். நான் உன் அம்மா பக்கம் பார்ப்பேன். அவள் உள்ளே போய்விடுவாள். அந்தப் பார்வை உனக்கு நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் டயர் மாற்ற ஆ லெக்கின் பட்டறைக்குப் போயிருந்தேன். நம் தாமான் குடியிருப்புக்குப் பின்னால், சின்னச் சின்னத் தொழிற்கூடங்கள் இருக்கும் வரிசையில், டயரும் மாற்றி, கார் தட்டிச் சாயமும் அடிப்பவன். என்னைவிட இருபது வயது இளையவன். அங்கே ஒரு வெள்ளைக் காரின் கதவில் கைநீளத்துக்குக் கறுப்புக் கோடு இருந்தது. கதவையே மாற்ற வேண்டும் என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அவன் ஒரு துணியில் மண்ணெண்ணெய் போல வாசம் வரும் எதையோ தொட்டு, அவசரமில்லாமல் தேய்த்தான். கோடு போய்விட்டது. எப்படி என்று மலாயில் கேட்டேன். "புக்கான் சாலார், அங்கிள். சாட் ஓராங் லா" என்றான். அது கீறலே இல்லையாம், அடுத்தவனுடைய சாயம் இதன் மேல் ஒட்டிக்கொண்டிருந்ததாம். பிறகு என் கட்டைவிரலைப் பிடித்து வேறொரு இடத்தில் வைத்து, நகத்தால் குறுக்கே இழுத்துப் பார்க்கச் சொன்னான். நகம் வழுக்கிக்கொண்டு போனால் மேல் பூச்சோடு நின்றது, தேய்த்தே எடுத்துவிடலாம். நகம் மாட்டினால் பூச்சைத் தாண்டி உள்ளே போய்விட்டது, சாயம் வைத்தாக வேண்டும்.

இத்தனை வருடம் வண்டியோடு கிடந்தவனுக்கு இது தெரியாமல் போனதே என்று இருந்தது. பஸ் ஓட்டிய காலத்தில் ஒவ்வொரு ஷிப்டு முடிந்ததும் நான் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பேன். என் பஸ்ஸில் கீறல் இல்லை, அதனால் கீறல் என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள அவசியமும் வரவில்லை. சிறு பிள்ளைகளுக்கு விளையாட்டுச் சாமான் கிடைத்த மாதிரி அன்று மாலையே சாமான்களை வாங்கி வந்துவிட்டேன். காம்பவுண்டு என்கிற தேய்க்கும் பசை, ரொம்ப மெல்லிய சேண்ட் பேப்பர், மறைப்பதற்கு டேப், நம் கார் நிறத்தில் ஒரு சின்னக் குப்பிச் சாயம். நீலம் என்று சொன்னால் கடைக்காரன் தரமாட்டான், தெரியுமா? ஓட்டுநர் கதவைத் திறந்தால் ஓரத்தில் ஒரு சின்னத் தகடு இருக்கிறது. அதில் உள்ள எழுத்தையும் எண்ணையும் சொன்னால்தான் நம் நீலம் கிடைக்கும். நீலத்திலேயே அத்தனை நீலம்.

முதலில் பம்பரின் மஞ்சள். சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டுத்தான் தொட வேண்டும். மணல் ஒன்றிரண்டு ஒட்டியிருந்தாலும் நாமே புதுக் கீறல் போட்டுவிடுவோம். துணியால் தேய்க்கத் தேய்க்க மஞ்சள் துணிக்கு வந்தது, அடியில் நம் நீலம் ஏறக்குறைய நலமாக இருந்தது. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை என்னவென்று சொல்ல. உற்சாகத்தில் சக்கர ஓரத்துக் கறுப்புப் பிளாஸ்டிக்கிலும் அதே காம்பவுண்டைத் தேய்த்துத் தொலைத்தேன். அந்தப் பிளாஸ்டிக் எருமைத்தோல் மாதிரி சொரசொரப்பானது. காம்பவுண்டு அதன் குழிகளில் எல்லாம் போய் உட்கார்ந்துகொண்டு, காய்ந்ததும் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகிவிட்டது. ஆ லெக்கிடம் போய் நின்றேன். அவன் வெகுநேரம் சிரித்தான். பிறகு பழைய பல்துலக்கியும் சோப்பும் வைத்துத் தேய்க்கச் சொன்னான். சிராய்ப்பின் வெளுப்புக்கு முடி உலர்த்தும் கருவியின் சூட்டைக் காட்டச் சொன்னான், ஒரே இடத்தில் நிறுத்தாமல். உன் அம்மாவினுடையதை எடுத்துக் காட்டினேன். முழுக்க இல்லாவிட்டாலும் முக்கால்வாசி கறுப்பு திரும்பி வந்தது. சூடு பட்டதும் பிளாஸ்டிக் ஏன் கறுக்கிறது என்று அவனிடம் கேட்டேன். அது அவனுக்கும் தெரியவில்லை. எனக்கு இன்னும் தெரிந்துகொள்ள ஆசை.

மூன்றாவதாக முன் கதவுக்கு வந்தேன். அங்கேதான் என் விளையாட்டு நின்றது.

அதைச் சொல்லுமுன் உன் அம்மா கதையைச் சொல்ல வேண்டும். உனக்குத் தெரிந்த கதைதான், ஆனால் என் பக்கத்திலிருந்து நீ கேட்டதில்லை. நாற்பத்தெட்டு வயதில், மூன்றாவது தடவையில் அவள் லைசென்ஸ் எடுத்தாள். நான் ஓய்வு பெறும்வரை பகலில் கார் சும்மாதானே கிடந்தது, அவள் சந்தைக்கும் கோயிலுக்கும் எடுத்துப் போனாள். ஒருநாள் என்னிடம் சொல்லாமலே நெடுஞ்சாலையில் ஏறி, சிம்பாங் ரெங்கத்தில் இருக்கும் உன் பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வந்துவிட்டாள். அன்று அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான்தான் "பெட்ரோல் எவ்வளவு இருக்கு" என்று கேட்டேன். அதற்குக் கொஞ்ச நாள் கழித்து, கோயிலில் பின்னால் எடுக்கும்போது சிவப்பும் வெள்ளையும் பட்டை அடித்த மதில் சுவரில் இடித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து காரை நிறுத்தி, செருப்பைக்கூடக் கழற்றாமல் நேராக என்னிடம் வந்து, "கோயில் செவுத்துல இடிச்சிட்டேன்ங்க, வந்து பாருங்க" என்றாள். அதுதான் பின் பம்பரின் சிவப்பு.

அவள் உடனே வந்து சொன்னதை நான் என்ன செய்தேன் என்று கேள். ஒன்றை ஒப்புக்கொண்டவள் என்பதாலேயே, அதற்குப் பிறகு காரில் தென்பட்ட ஒவ்வொன்றையும் அவள் தலையில் போட்டேன். நான் ஓய்வு பெற்று இருவரும் மாறி மாறி ஓட்டத் தொடங்கிய பிறகு இடப்பக்கத்தில் ஒன்று வந்தது. "நான் இல்லங்க" என்றாள். "அப்ப நானா? முப்பது வருஷம் பஸ் ஓட்டினவன் நான்" என்றேன். இரண்டாவது வந்தது. அப்போதும் அதே பேச்சு. மூன்றாவதுக்கு உன் மாமா வீட்டார் முன்னால் வைத்துப் பேசினேன். இவளுக்கு லைசென்ஸ் கொடுத்தவனைத்தான் பிடித்து உள்ளே போட வேண்டும் என்று சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். அவளும் சிரித்தாள். மறுநாள் சாவியைக் கொண்டுவந்து தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "இனிமே நீங்களே ஓட்டுங்க" என்றாள். நான் அதை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். நல்லதாகப் போயிற்று என்றுகூட நினைத்தேன். இது நடந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வருடக் கடைசியில் உன் பெரியம்மா இடுப்பு எலும்பு முறிந்து ஐந்து மாதம் படுக்கையில் கிடந்தாள் அல்லவா? எனக்குத் தோதுப்பட்ட நாளில், வாரத்துக்கு ஒருமுறை, உன் அம்மாவைக் கூட்டிப்போய் ஒரு மணி நேரத்தில் திரும்பக் கூட்டி வந்தேன். அங்கே அவள் தன் அக்காவின் தலைமுடியைச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கும்போதே நான் வாசலில் நின்று கடிகாரத்தைப் பார்ப்பேன்.

இப்போது கதவுக்கு வருகிறேன். துணியை வைத்துத் தேய்த்தேன். துணியில் பச்சை வந்தது. நல்ல தளதளவென்ற இலைப்பச்சை. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தப் பச்சை எனக்கு அந்நியமானதல்ல. போன வருடத் தீபாவளிக்கு முன்னால், நம் வாசல் கேட்டுக்கும் அதன் இரும்புத் தூணுக்கும் என் கையாலேயே அடித்த பச்சை. அதற்கு முன்னால் பழுப்பு நிறம், வீடு வாங்கியதிலிருந்து பழுப்பு. உன் அம்மா சாவியைக் கொடுத்து ஒரு வருடத்துக்கு மேலான பிறகுதான் அந்தத் தூண் பச்சையானது.

அளக்கும் டேப்பை எடுத்துவந்து அளந்தேன். கதவில் கோடு தரையிலிருந்து இரண்டு அடிக்கு ஒரு விரல் குறைவு. எழுந்துபோய்த் தூணை அளந்தேன். அதே உயரத்தில், உள்பக்கமாக, பச்சை மேல் ஒரு நீலத் தீற்றல். தினமும் அந்தத் தூணைக் கடந்துதான் பத்திரிகை வாங்கப் போகிறேன், ஒருநாளும் என் கண்ணில் பட்டதில்லை. மற்றக் கோடுகளையும் போய் உற்றுப் பார்த்தேன். ஆ லெக் இன்னொன்றும் சொல்லியிருந்தான். வண்டி முன்னே போகும்போது உரசினால் கோடு முன்பக்கம் அழுத்தமாகத் தொடங்கி, பின்னே போகப் போக மெலியும். ஆறு கோடுமே முன்னே போகும்போது விழுந்தவை. ஆறில் எத்தனை அவள் ஓட்டிய காலத்தில் வந்தவை, எத்தனை அதற்குப் பிறகு வந்தவை என்று யோசித்தேன். சரிபாதி பிறகு வந்தவை. அவள் ஓட்டாத காரில் அவள் எப்படி இடிப்பாள் என்று நான் ஏன் ஒருமுறையாவது கேட்டுக்கொள்ளவில்லை? யோசித்துப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் "இது பழசு, அவ இடிச்சது, இப்பத்தான் கண்ணுல படுது" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது எனக்கு நம்பும்படியாகவும் இருந்திருக்கிறது.

இந்தக் கடிதத்தில் எழுதவே கை கூசும் இடம் இதுதான். அது தெரிந்த பிறகும் ஒன்பது நாள் நான் அவளிடம் சொல்லவில்லை. அவள் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, "பரவால்லயே, இந்தப் பக்கம் புதுசாட்டம் ஆயிருச்சே" என்று பார்த்துவிட்டுப் போவாள். நான் தலையை ஆட்டுவேன். கோட்டை அழித்துவிட்டால் விஷயமும் போய்விடும் என்பது போல இன்னும் மும்முரமாகத் தேய்த்தேன். கதவில் நகம் மாட்டியது, அதனால் சாயம் வைத்தேன். தீக்குச்சி முனையால் தொட்டு, காயவிட்டு, மறுபடி தொட்டு, ஒரு நாளைக்கு இரண்டு பூச்சு. அவசரப்பட்டு ஒரே தடவையில் நிரப்பினால் மேடு தட்டிவிடும். மேலே நிறமில்லாத கிளியர் பூச்சு வைத்து, ஒரு வாரம் இறுகவிட்டு, பிறகு சோப்புத் தண்ணீரில் நனைத்த சேண்ட் பேப்பரால் மட்டமாகத் தேய்த்து, கடைசியில் பளபளப்பு ஏற்ற வேண்டும்.

அந்தப் பளபளப்பு ஏற்றும் நாளில்தான் அடுத்தது நடந்தது. துளையிடும் கருவியில் பஞ்சு வட்டத்தை மாட்டிச் சுற்றவிட்டேன். காம்பவுண்டு தெறித்து என் வலக்கண்ணில் விழுந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தண்ணீர்க் குழாய் எங்கே என்று இடக்கண்ணால் பார்த்தேன். குழாய் இல்லை. ஷாலினி, முப்பத்திரண்டு வருடமாக அந்தப் போர்ச்சில் இருக்கிற குழாய். காரின் கதவுப் பிடி தெரிந்தது, அதைச் சுற்றிக் கொஞ்சம் நீலம் தெரிந்தது. அதற்கப்பால் காரே இல்லை. இருட்டாக இருந்திருந்தால் பயந்திருப்பேன். இருட்டாகவும் இல்லை. உன் முதுகுக்குப் பின்னால் என்ன நிறம் தெரிகிறது என்று கேட்டால் என்ன சொல்வாய்? அப்படித்தான், அங்கே ஒன்றுமே இல்லை. சுவரைத் தடவிக்கொண்டே போய்க் குழாயைக் கண்டுபிடித்துக் கண்ணைக் கழுவினேன். பிறகு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, வலக்கண்ணைக் கையால் பொத்தியும் எடுத்தும், பொத்தியும் எடுத்தும் வெகுநேரம் பார்த்தேன். பொத்தினால் பக்கத்து வீட்டு மாமரம் காணாமல் போகும், எடுத்தால் வந்து நிற்கும். பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது ஆச்சரியம். இத்தனை பெரிய ஓட்டை எப்போது விழுந்தது, எனக்குத் தெரியாமல் எப்படி விழுந்தது?

தாமான் முனையில் உள்ள மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நடந்துபோனேன். அங்கே இருந்த பெண் கண்ணில் காற்றை ஊதி அழுத்தம் பார்த்தாள். முகம் மாறி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தாள். ஆஸ்பத்திரிக்கு நானேதான் காரை ஓட்டிக்கொண்டு போனேன். அதையும் மறைக்கப்போவதில்லை, புத்தி அப்படித்தான் இருந்தது. அங்கே ஒரு வெள்ளைக் குண்டானுக்குள் முகத்தை வைக்கச் சொல்லி, உள்ளே எங்கெங்கோ சின்ன வெளிச்சம் போடுகிறார்கள். தெரியும்போதெல்லாம் கையிலுள்ள பொத்தானை அமுக்க வேண்டும். வலக்கண்ணுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடக்கண்ணுக்கு வந்தபோது, மெஷின் நின்றுவிட்டதா என்று பக்கத்தில் நின்ற தாதியைக் கேட்டேன். "ஓடிக்கிட்டுத்தான் இருக்கு அங்கிள்" என்றாள்.

கிளாக்கோமா என்றார் டாக்டர். சின்ன வயதுத் தமிழ்ப் பெண், உன் வயது இருக்கும். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி ஏறி, நரம்பை ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருமாம். வலிக்காது. போனது திரும்பாது. சொட்டு மருந்து விட்டால் மிச்சத்தைக் காப்பாற்றலாம். வலக்கண்ணிலும் தொடங்கியிருக்கிறதாம். எனக்கு ஏன் தெரியாமல் போயிற்று என்று கேட்டேன். ஒரு கண் விட்டதை மறு கண் பிடித்துக்கொள்ளும், அப்படியும் விட்டுப்போனதை மூளை பக்கத்தில் இருப்பதை வைத்து நிரப்பிவிடும் என்றார். நம் காரில் ஓட்டுநர் இருக்கை வலப்பக்கம், இடப்பக்க ஓரம் எட்ட இருக்கிறது, இடக்கண்ணும் இல்லை. தூண் இருந்த இடத்தில் என் மூளை சாலையைப் போட்டுக் காட்டியிருக்கிறது. அங்கே தூணுக்குப் பதில் ஒரு பிள்ளை நின்றிருந்தால் என்று நான் கேட்கவில்லை. டாக்டர்தான் சொன்னார், "அங்கிள், இனிமே ஓட்டாதீங்க. ஒரு நாள்கூட." கண்ணை விரிக்க அவர்கள் விட்டிருந்த மருந்தில் வேறு எல்லாம் மங்கலாக இருந்தது. காரை அங்கேயே விட்டுவிட்டு வாடகைக் காரில் வீட்டுக்கு வந்தேன்.

உன் அம்மா வாசலைப் பார்த்துவிட்டு, "கார் எங்கங்க?" என்றாள். அன்று எல்லாவற்றையும் சொன்னேன். கண்ணைப் பற்றி முதலில் சொன்னால் அவள் இரக்கப்பட்டுவிடுவாள், மற்றது அமுங்கிப்போகும் என்று தோன்றியது. அதனால் பச்சைச் சாயத்தை முதலில் சொன்னேன். ஒன்பது நாளையும் சொன்னேன். பிறகு கண்ணைச் சொன்னேன். அவள் தட்டில் சோறு போட்டு வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் அவளே, "வாங்க, கார எடுத்துட்டு வரலாம்" என்றாள். யார் ஓட்டுவது என்று நான் கேட்கவில்லை. ஆஸ்பத்திரிக் கார் நிறுத்தத்தில் அவள் உடனே ஏறவில்லை. இடப்பக்கமாகப் போய் நின்றாள். பாதியை நான் சரிசெய்திருந்தேன், இருந்தாலும் எந்தெந்த இடம் என்று எங்கள் இருவருக்கும் மனப்பாடம். பம்பரில் விரலை வைத்து, "இது?" என்றாள். நான்தான் என்றேன். சக்கர ஓரத்தில் வைத்து, "இது?" என்றாள். நான்தான். இப்படியே ஆறையும் கேட்டாள். ஆறுக்கும் சொன்னேன். பக்கத்தில் காரை எடுக்க வந்த ஒரு மலாய்க்காரர் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் பின்னால் சுற்றிப் போய்ச் சிவப்பைத் தொட்டு, "இது நான்" என்றாள். அதை அடுத்த வாரம் எடுத்துவிடுகிறேன் என்றேன். "வேணாம். அது இருக்கட்டும்" என்றாள்.

பிறகு ஏறி உட்கார்ந்து, இருக்கையை முன்னால் இழுத்து, கண்ணாடிகளைத் திருப்பி வைத்துவிட்டு, சாவியைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தாள். அப்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் இடிக்கலன்னு எனக்கு நல்லாத் தெரியும்ங்க. ஆனா நீங்க திரும்பத் திரும்பச் சொன்னப்புறம், எங்கயோ இடிச்ச மாதிரி எனக்கே ஞாபகம் வந்துருச்சு. சத்தம்கூட கேட்ட மாதிரி. அதனாலதான் சாவியக் கொடுத்தேன். பயந்துட்டேன்."

நான் மன்னிப்புக் கேட்டேன். கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன், வார்த்தை சரியாக வரவில்லை. "அக்கா படுத்திருந்தப்ப தெனம் போயிருப்பேன்" என்றாள். பெரியம்மா பிழைத்து எழுந்துவிட்டாள் என்பது அதற்குப் பதிலாகாது. பிறகு அவள் காரை எடுத்தாள். வெளிவாயிலில் ரொம்ப மெதுவாக, பின்னால் ஹாரன் அடிக்க அடிக்க, பதறாமல் திரும்பினாள். நான் இடப்பக்க இருக்கையில் இருந்தேன். இரண்டு முறை வாய் திறந்தேன். "பேசாம வாங்க" என்றாள்.

இதிலிருந்து உனக்கு என்ன சொல்ல வருகிறேன் என்று எனக்கே முழுதாகத் தெரியவில்லை. உனக்குப் பதினெட்டு வயதில், பழைய காரின் கண்ணாடியை நீ உடைத்தபோது மூன்று மாதம் சாவி தராமல் இருந்தேன். அதற்குப் பிறகு நீ காரையே கேட்கவில்லை, மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டாய். மழையில் நீ பாலத்தில் நிற்கும்போதெல்லாம் அது எனக்கு இப்போது நினைவுக்கு வருகிறது. சத்தமாகவும் உறுதியாகவும் பேசுகிறவன் சொல்வது உண்மையாக இருக்க வேண்டும் என்று இல்லை. என்னை வைத்தே அதைத் தெரிந்துகொள். மாப்பிள்ளை சொன்னாலும், முதலாளி சொன்னாலும், உன் வாய் சொன்னாலும், போய் ஒரு டேப் எடுத்து அளந்து பார். தியா ஒன்றை உடைத்துவிட்டு உன்னிடம் வந்து சொன்னால், மற்ற ஒன்பதையும் அவள்மேல் ஏற்றாதே. நான் செய்த தவறுகளில் அதுதான் பெரிது என்று படுகிறது.

போன ஞாயிறு உன்னிடம் இதையெல்லாம் சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை முன்னால் "எனக்குக் கண் தெரியவில்லை" என்று சொல்ல நாக்கு எழவில்லை. உன் அம்மாவும் சொல்லவில்லை, நீங்களே சொல்லுங்கள் என்று விட்டுவிட்டாள். நீ கேட்ட கேள்விக்கு இப்போது பதில். தியாவைப் பற்றி என்னிடம் கேட்காதே, அம்மாவிடம் கேள். ஒரு மாதமாகத் தினமும் காலையில் ஓட்டுகிறாள். முதலில் தாமானுக்குள், இப்போது தம்போய் முழுக்க. போன வாரம் நெடுஞ்சாலையில் ஏறி சிம்பாங் ரெங்கம் போய்விட்டு வந்தாள், ராத்தங்கி. என்னைக் கூப்பிடவில்லை. தியாவைக் கூட்டிப் போக அவளுக்கு ஆசைதான், ஆனால் முதல் மாதம் நான் காரில் ஏறக் கூடாது என்று நிபந்தனை போடுகிறாள். நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

இன்னும் ஒன்று, இதை எழுதத்தான் உண்மையில் உட்கார்ந்தேன். இந்த வியாதி குடும்பத்தில் இறங்கும் என்று டாக்டர் சொன்னார். அப்பனுக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டும், நாற்பது வயதுக்குக் காத்திருக்கக் கூடாது. கண் நன்றாகத் தெரிகிறது என்று சொல்லாதே. எனக்கும் நன்றாகத்தான் தெரிந்தது. நீ தினமும் இருட்டில், ஆயிரம் மோட்டார்களுக்கு நடுவே போகிறவள். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கண்ணாடிக் கடையில் உன் பெயரைக் கொடுத்து வைத்திருக்கிறேன். காற்றை ஊதும்போது கண்ணைச் சிமிட்டத் தோன்றும், வலிக்காது. நான் கடை வாசலில் நிற்பேன். கோபம் தீர்ந்திருந்தால் நல்லது. தீராவிட்டால் கோபத்தோடேயே வா.

அப்பா